மூன்று மாதத்தில் மொழி வந்துவிடுமா?

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது:

"அக்கா, ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஜேர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே மொழி படிக்கலாமாம். வீட்டோடு இருந்தால் மூன்று மாதத்தில் மொழி தானாக வந்துவிடும், இங்கே வகுப்புக்குக் காசு கட்டுவது வீண் என்கிறார் மாமா. நீங்கள் போய் இருந்தவர் என்றபடியால் கேட்கிறேன். மாமா சொல்வது சரியா?"

2024 ஒக்டோபர் 6, ஞாயிறு

பிழை. மாமா சொன்னபடி வகுப்பை விட்டால் நீ கட்டுநாயக்கா விமான நிலையத்தைக்கூடத் தாண்டமாட்டாய். நீ கேட்பது ‘ஓபேர்’. அந்த விசாவுக்கே ஏ1, அதாவது ஆரம்ப மட்டத்து ஜேர்மன் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பரீட்சையில் 100 புள்ளிக்கு 60 எடுத்தால்தான் சித்தி. நான் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், கோட்டையில் முகம் கழுவி, பரீட்சை எழுதி, அன்றிரவே திரும்பி வந்தவள்.

மற்ற விதிகள் சுருக்கமாக: வயது 18 ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் நாளில் 27 ஆகியிருக்கக்கூடாது. குறைந்தது ஆறு மாதம், கூடியது ஒரு வருடம். வேலை ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம், கிழமைக்கு 30, அதற்கு மேல் இல்லை. அறை, சாப்பாடு, காப்புறுதி அவர்கள் பொறுப்பு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு 70 யூரோ. விமான டிக்கெட் பெரும்பாலும் உன் தலையில். அந்த 280ஐச் சம்பளம் என்று நினைத்து மாமா ரூபாயில் பெருக்கத் தொடங்கினால் கல்குலேட்டரைப் பறித்துவிடு. ‘ஓபேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் ‘சமமாக’ என்று பொருள். வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்க வேண்டும் என்பது எண்ணம். எண்ணம்தான்.

நான் இருந்தது 2017 ஓகஸ்ட் முதல் 2018 ஜூலை வரை, உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அப்போது எனக்கு 22. பரீட்சையில் 83 எடுத்த திமிரோடுதான் போனேன். ‘பார்’ என்பதற்குப் புத்தகம் எனக்குச் சொல்லித் தந்த சொல் ‘ஸேயன்’. அந்த வீட்டு மூன்று வயதுக்காரன் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை கத்தியது ‘குக் மால்! குக் மால்!’. இரண்டு நாளாக அதை ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்து வீடு முழுக்கத் தேடினேன்.

அதே நாள் இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. "சித்தி டோர்ட்முண்டில் இருக்கிறா, அவ வீட்டிலேயே தங்கலாம்தானே" என்று உன்னைப்போல் பத்துப்பேர் கேட்டுவிட்டார்கள். முடியாது. சொந்தக்காரர் வீட்டில் ஓபேராக இருக்க விடமாட்டார்கள். சொந்தமே இல்லாத தமிழ்க் குடும்பம் என்றாலும் சிக்கல்தான்: ஜேர்மன் தாய்மொழியாக இல்லாத வீடு என்றால், அந்தப் பெற்றோரின் நாட்டுப் பிள்ளையையே எடுக்கக்கூடாது. போய்ப் புட்டும் சொதியும் தின்று தமிழிலேயே கதைத்துவிட்டு வருவாய் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஒக்டோபர் 9

மாமா பிழை என்று எழுதினேன். பாதி சரி என்று எழுதியிருக்க வேண்டும். வகுப்பில் படிக்காத ஏதோ ஒன்று வீட்டில் வருகிறதுதான். ஆனால் அது வீட்டிலிருந்து வருவதில்லை, வீட்டிலுள்ள ஒரு ஆளிடமிருந்து வருகிறது. அது எந்த ஆள் என்பதில்தான் எல்லாம். இதை நான் ஜேர்மனியில் கண்டுபிடிக்கவில்லை. மட்டக்களப்புக்குப் பக்கத்தில், ஆரையம்பதியில் எங்கள் வீட்டிலேயே பத்து வயதில் பார்த்திருக்கிறேன், விளங்கத்தான் பன்னிரண்டு வருடம் எடுத்தது.

2005. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் இல்லாத தெரு இல்லை. எங்கள் வீடு வாவிப் பக்கம், கடல் வரவில்லை. ஒரு ஜேர்மன் பல்கலைக்கழக மாணவி ஐந்து மாதம் எங்களோடு தங்கினாள். முகாமில் பிள்ளைகளுக்குப் படம் கீறவும் ஆங்கிலப் பாட்டுப் பாடவும் பழக்குவாள், பின்னேரம் வீட்டுக்கு வருவாள். எங்களுக்கு அவள் ஒரு ஓசி ஆங்கில ரியூஷன். அப்பா அவளோடு ஆங்கிலம்தான், அக்காவும் ஆங்கிலம்தான், நான் எனக்குத் தெரிந்த ‘வட் இஸ் யுவர் நேம்’ஐ நாளுக்கு நாலு தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தமிழ் படிக்கத்தான் வீட்டோடு தங்கினாள் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அம்மம்மாவுக்கு மட்டும் ஆங்கிலம் தெரியாது. தெரியாது என்று அவ கவலைப்பட்டதும் இல்லை. "வா கிளி, இரி கிளி" என்று திருவலைக்குப் பக்கத்தில் இருத்தி, தேங்காய்ப் பாதியைக் கையில் கொடுத்துவிடுவா. "துருவு. மறுகா பிழி. மறுகா கொதிக்க விடு." அவளுக்கு வந்த முதல் தமிழ்ச் சொல் ‘கிளி’, இரண்டாவது ‘மறுகா’. பிறகு, அப்புறம், திரும்பவும், எல்லாவற்றுக்கும் மறுகா. சித்திரைக்குப் பிறகு ஒருதடவை யாழ்ப்பாணம் போய்வந்தாள். அங்கே கடையில் சாமான் வாங்கிவிட்டு "மறுகா வாறன்" என்றாளாம். கடைக்காரர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பிள்ளை மட்டக்களப்போ?" என்று கேட்டிருக்கிறார். இதைவிடப் பெரிய சான்றிதழ் எந்தப் பரீட்சையிலும் கிடையாது.

ஆகவே தங்கச்சி, குடும்பம் தெரிவு செய்யும்போது அந்த வீட்டில் ஆங்கிலம் தெரியாத ஒரு கிழவி இருக்கிறாவா என்று கேள்.

ஒக்டோபர் 10

என் அக்கா லண்டனிலிருந்து போன் எடுத்துக் கிழித்துவிட்டாள். நான் மேலே எழுதியது பாதிப் பொய்யாம். யோசித்துப் பார்த்தால் உண்மைதான்.

அந்தப் பிள்ளை முதல் மாதம் எங்களோடும் தமிழில்தான் கதைக்க முயன்றாள். ‘பழம்’ என்பதை அவள் சொன்ன விதத்துக்கு நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தோம். அதற்குப் பிறகுதான் அவள் எங்களோடு ஆங்கிலத்துக்கு மாறினாள். அம்மம்மா சிரிக்கவில்லை. அவவுக்குப் பல் இல்லாததால் அவ சொல்லும் ‘ழ’வும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

ஒக்டோபர் 13

உல்ம் பக்கம் நான் இருந்த வீட்டில் ஆங்கிலம் தெரியாத ஆட்கள் இரண்டுபேர். ஒன்று அந்த மூன்று வயதுக்காரன். மற்றது கீழ்மாடியில் இருந்த அவனுடைய அப்பம்மா.

ஜேர்மனியில் பாட்டியை ‘ஓமா’ என்பார்கள். முதல் மாதம் அம்மாவோடு வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருக்கும்போது கீழே இருந்து குரல் வரும், நான் "ஓமா! ஓமா!" என்று பதில் குரல் கொடுப்பேன். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன மகள், அவங்க என்ன சொன்னாலும் ஓமா ஓமா எண்டுறாய், இல்லை எண்டு சொல்லத் தெரியாதா?" என்று அழவே தொடங்கிவிட்டா. இதைப் பற்றிப் பிறகு இன்னொன்று எழுதவேண்டியிருக்கிறது.

சின்னவன் திருத்துவான், ஆனால் சிரிக்கமாட்டான். நான் பிழையாகச் சொன்னால் சரியான சொல்லைச் சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடர்வான். அவனுக்கும் அந்த மொழி புதிதுதானே. ‘மால்’ என்றால் என்ன என்று வகுப்பு ஆசிரியையிடம் கேட்டேன். அவ கால் மணித்தியாலம் இலக்கணம் சொன்னா, விளங்கவில்லை. பிறகு ஒருநாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து ‘குக் மால்’ என்றபோது, ‘இஞ்ச பாருகா’ என்பதில் உள்ள ‘கா’ அது என்று பிடிபட்டது. ஒட்டித்தான் வரும், தனியே அர்த்தம் கேட்டால் ஓடிவிடும்.

ஓமா கதைத்தது புத்தக ஜேர்மன் அல்ல, அந்தப் பக்கத்துச் ‘ஸ்வாபிய’ வழக்கு. எதன் வாலிலும் ஒரு ‘லே’ போட்டுச் சின்னதாக்கிவிடுவா. ஒவ்வொரு வசனத்துக்கும் கடைசியில் ‘கெல்?’, நாங்கள் ‘நல்லாயிருக்கு, என்ன?’ என்று இழுப்பதுபோல. நான் அதை வகுப்பில் போய்ச் சொல்ல, ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தா. யாழ்ப்பாணக் கடைக்காரரின் பார்வையே அதுதான்.

ஒருநாள் ஓமா சமையலறை அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்ததைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. இடியப்ப உரல்! இரண்டு கைபிடி வைத்த, உலோகத்தில் செய்த உரல். அதில் மாவைப் போட்டு அமத்தினால் கொதிதண்ணீருக்குள் விழுவது இடியப்பம் அல்ல, ‘ஸ்பெட்ஸ்லே’. கோதுமை மாவும் முட்டையும். அதைப் பயறு போன்ற ஒரு பருப்புக் கறியோடு தின்கிறார்கள். தேங்காய்ப்பால் இல்லை, மிளகாய் இல்லை. ஆனால் அமத்தும்போது தோளில் வருகிற நோ அதே நோ. அன்று எனக்கு வந்த சொற்கள் பதினைந்தாவது இருக்கும்: அமத்து, வடி, போதும், இன்னும் கொஞ்சம், கை சுடும், உப்புக் குறைவு. முதல் இரண்டும் ஏவல் வினை. ஏ1 புத்தகத்தில் அது கடைசி அத்தியாயங்களில்தான் வந்தது. வீட்டில் முதல் நாளே அதுதான் தேவை.

ஒக்டோபர் 14

"கிழவி இல்லாத வீடு என்றால்?" என்று கேட்டிருக்கிறாய். சின்னப் பிள்ளையும் இல்லை என்றால் உன்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள்?

ஒக்டோபர் 19

அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் கேட்கிறார்: பிள்ளை பார்ப்பது ஆம்பிளைகளுக்குச் சரிவருமா, தொண்டு வேலையாகப் போக வழி இல்லையா?

ஆம்பிளைகளும் ஓபேராகப் போகலாம், சட்டம் தடுக்கவில்லை. குடும்பங்கள் எடுப்பதுதான் குறைவு. தொண்டு என்றால் இரண்டு உண்டு. ஒன்று 1964இலேயே சட்டம் போட்டு நடத்துகிற ‘சமூகத் தொண்டாண்டு’. மற்றது 2011 ஜூலையில் வந்த ‘கூட்டாட்சித் தொண்டர் சேவை’. கட்டாய இராணுவ சேவையை நிறுத்தியதும், அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்த பெடியன்கள் இல்லாமல் போனார்கள். அந்த ஓட்டையை அடைக்க வந்தது அது. வெளிநாட்டவரும் சேரலாம். முழுநேர வேலை, கைச்செலவுக் காசு, வருடத்துக்கு 25 நாள் கருத்தரங்கு. மொழி ஏ1 போதாது. முதியவருக்கு நெஞ்சு நோகிறதா கால் நோகிறதா என்று விளங்காதவரை எந்த இல்லம் எடுக்கும்?

என்னோடு வகுப்பில் இருந்த மடகஸ்கார்ப் பெண் அப்படி ஒரு இல்லத்தில் வேலை செய்தாள். எங்கள் எல்லோரையும் விட வேகமாக அவளுக்குத்தான் மொழி வந்தது. அங்கே ஒரு தாத்தா ஒரே யுத்தக் கதையைத் தினமும் சொல்வாராம். பத்தாம் தடவை பாதி விளங்கியது, இருபதாம் தடவை அவர் விட்ட இடத்தை இவளே எடுத்துக் கொடுத்தாள்.

முகவர்களைப் பற்றி. என் மச்சாள் ஒருத்தி ‘தொண்டர் விசா’வுக்கு என்று ஒரு முகவரிடம் ஆறு இலட்சம் கட்டினாள். அவர் கொடுத்த கடிதத்தில் இருந்த இல்லத்துக்கு நான் ஜேர்மனியிலிருந்து போன் எடுத்தேன். அங்கே யாருக்கும் இவள் பெயர் தெரியாது. காசு இன்னும் வரவில்லை. குடும்பமோ இல்லமோ, ஒப்பந்தம் கைக்கு வந்ததும் நீயே போன் எடுத்துக் கதை. கதைக்கிற அளவுக்கு மொழி இல்லை என்றால் நீ போகிற அளவுக்கும் மொழி இல்லை.

‘தொண்டு’ என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் இடறும். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு பாலர் பாடசாலைச் சுவருக்கு ஒரு குழு வந்து நீலம் அடித்தது. இரண்டு மாதத்தில் இன்னொரு குழு வந்து மஞ்சள் அடித்தது. பிள்ளைகள் இரண்டு தடவையும் வரிசையில் நின்று நன்றி சொன்னோம். மறுபக்கம், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த வெபர் அடிகளார் போன்றவர்களும் இருந்தார்கள். 1998இல் சாகும்வரை இங்கேயே இருந்து தலைமுறை தலைமுறையாகப் பெடியன்களுக்கு விளையாட்டுப் பழக்கினார். மைதானத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. ஐந்து மாதத்தையும் ஐம்பது வருடத்தையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம்.

ஒக்டோபர் 20

ஹலால் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் என்ன செய்வது என்று கேட்ட காத்தான்குடித் தம்பிக்கு: எல்லாவற்றையும் முதல் வீடியோ அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள், போய் இறங்கியபிறகு அல்ல. என் வகுப்பில் மொரோக்கோப் பிள்ளை ஒன்று இருந்தது. 2018 நோன்பு மே நடுப்பகுதியில் தொடங்கியது. அங்கே அப்போது இரவு ஒன்பது தாண்டித்தான் பொழுது படும், நோன்பு பதினெட்டு மணித்தியாலம் போல. அவளுடைய வீட்டு அம்மா முதல் கிழமை பயந்துபோய் டொக்டரிடம் கேட்கப் போனா. இரண்டாம் கிழமை அலாரம் வைத்து எழும்பி, விடியமுன் சாப்பிடுகிற சஹருக்குப் பாண் சூடாக்கிக் கொடுத்தா.

நான் இருந்த வீட்டில் இரவுச் சாப்பாடே பாணும் சீஸும்தான், குளிராக. அடுப்பு மூட்டமாட்டார்கள். சோறு கேட்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. ஜூனில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஆறு மணித்தியாலம் ரயிலில் போனதை அம்மா பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறா. இனியும் அப்படியே இருக்கட்டும்.

ஒக்டோபர் 27

13ஆம் திகதி ‘பிறகு எழுதுகிறேன்’ என்றது. எழுதுவதா விடுவதா என்று இரண்டு கிழமை இழுத்தேன்.

ஏழாம் மாதம் அந்த வீட்டு அம்மாவின் வேலை நேரம் மாறியது. என்னுடையதும் சத்தமில்லாமல் மாறியது. காலையில் ஒரு மணித்தியாலம் கூட, சனிக்கிழமை வீடு முழுக்கத் துடைப்பது, பிறகு விருந்தாளி வந்தால் பாத்திரம். ஒரு கிழமையை எண்ணிப் பார்த்தேன், 41 மணித்தியாலம். விதி 30 என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சாப்பாடு போடுகிற வீடு, வாய் திறப்பது மரியாதை இல்லை என்றுதான் வளர்ந்திருக்கிறோம். அம்மா அன்று அழுதது சும்மா இல்லை: நான் உண்மையிலேயே ஓமா ஓமா என்றுதான் இருந்தேன்.

வகுப்பு ஆசிரியைதான் ஒரு வசனம் எழுதித் தந்தா. ‘டாஸ் வார் நிஹ்ட் அவுஸ்கெமாஹ்ட்’, இது பேசிக்கொண்டது அல்ல. குளியலறையில் நின்று நாற்பது தடவை சொல்லிப் பார்த்தேன். சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்தநாள் பிரிட்ஜில் ஒரு நேரசூசி ஒட்டியிருந்தது, 30 மணித்தியாலம், அவவின் கையெழுத்தில். கோபமா வெட்கமா என்று இன்றுவரை தெரியாது. கெட்ட மனுசி அல்ல. நான் சொல்லாதவரை அவவுக்கு அது தெரியவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். வீடு சரிவராவிட்டால் வேறு குடும்பத்துக்கு மாறவும் வழி உண்டு. நான் மாறவில்லை.

இதை எழுதும்போதுதான் 2005 நினைவு வந்தது. எங்கள் வீட்டில் இருந்த பிள்ளை ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி முற்றம் கூட்டினாள். முதல் நாள் ஆசைக்குக் கூட்டினாள், அம்மா பாராட்டினா. மூன்றாம் நாளிலிருந்து விளக்குமாறு அவள் அறை வாசலில் சாத்தியிருந்தது. ஐந்து மாதம் எங்கள் வீட்டில் வேறு யாரும் முற்றம் கூட்டவில்லை. அவளுக்கும் சொல்ல ஒரு வசனம் இருந்திருக்கலாம். அம்மம்மா பழக்கிய தமிழில் அது இருக்கவில்லை.

அக்கா, போன் எடுக்காதே. இது உண்மை என்று உனக்கும் தெரியும்.

நவம்பர் 3

கல்முனை மாமா இதையெல்லாம் வாசிக்கிறாராம். "பிள்ளை பார்க்கத் தேவையில்லை, மொழி படிக்க மட்டும் போனால் என்ன?" என்று கேட்டுவிட்டிருக்கிறார். போகலாம் மாமா. காசு காட்ட வேண்டும். மாணவ விசாவுக்கு 2024 செப்ரெம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் (மாதத்துக்கு ஒரு பங்குதான் எடுக்கலாம்) போடச் சொன்னார்கள், வெறும் மொழி வகுப்பு விசாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. இப்போது கல்குலேட்டரை எடுக்கலாம்.

கதை வேறு பக்கம் போகிறது, பரவாயில்லை. என் வகுப்பில் இன்னொரு இலங்கைப் பிள்ளை இருந்தாள், அம்பாறை நகரத்துச் சிங்களப் பிள்ளை. எங்கள் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு இரண்டு மணித்தியால பஸ். எனக்குச் சிங்களம் வராது, அவளுக்குத் தமிழ் வராது, இரண்டுபேருக்கும் ஆங்கிலம் நொண்டி. உல்மில் இருந்து இரண்டுபேரும் அரைகுறை ஜேர்மனில் கதைத்தோம். யாருக்கும் யாரையும் பார்த்துச் சிரிக்கத் தகுதி இல்லை, அதனால் நன்றாகவே கதைத்தோம். ஆசிரியைக்கு இது விளங்கவில்லை. "ஒரே நாடுதானே?" என்று கேட்டா. ஏ2 ஜேர்மனில் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

திரும்பி வந்தபிறகு, 2019 சித்திரை வருடப்பிறப்புக்கு அவள் வீட்டில் ஐந்து நாள் தங்கினேன். அவளுடைய அம்மாவுக்கு வேறு மொழியே தெரியாது. கிரிபத் என்ற பாற்சோறு போட்டுக்கொண்டே "தவ டிக்கக், தவ டிக்கக்" என்பா. இன்னும் கொஞ்சம். ஸ்பெட்ஸ்லே அன்று படித்த அதே சொல். பாடசாலையில் வருடக்கணக்காகப் படித்து வராத சிங்களம் அந்த ஐந்து நாளில் கொஞ்சம் அசைந்தது. நான் ஊருக்கு வந்து மூன்றாம் நாள் உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த செய்தி கேட்டு அந்த அம்மா போன் எடுத்தா. சிங்களத்தில் கேட்டது முழுவதும் எனக்கு விளங்கியது. பதில் சொல்லத்தான் சொல் வரவில்லை.

நவம்பர் 17

தங்கச்சி மட்டக்களப்பில் ஒரு ஏ1 வகுப்பில் சேர்ந்துவிட்டாளாம். முதல் மாதக் காசு மாமாவே கட்டினாராம். "மூன்று மாதம் பார்ப்போம்" என்று சொல்லிக் கட்டியிருக்கிறார், விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போதே கேட்கிறாள், அந்தக் குடும்பத்துக்கு என்ன கொண்டுபோவது என்று. முதலில் குடும்பத்தைத் தேடு. தயிர் முடியாது, இறைச்சியும் பாற்சாமானும் பயணிகள் கொண்டுபோகத் தடை. தொதல் நல்லது, உருகாமல் சுற்று. இடியப்ப உரல் வேண்டாம், அவர்களிடம் இருக்கிறது. கூனிக்குச் சட்டத்தில் தடை இல்லை, மீன் சாமான் 20 கிலோவரை விடுவார்கள். ஆனால் நான் கொண்டுபோனது அரைக் கிலோ, அந்தச் சூட்கேஸை இன்றுவரை அம்மா வீட்டுக்குள் எடுக்க விடவில்லை.